சித்தப்பாவின் சமையலறைக்குள் வந்துவிட்ட கோபுரம்

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் சித்தியும் நலமாக இருக்க வேண்டும். வீடும் நலமாக இருக்கட்டும் என்று எழுதத்தான் கை தயங்குகிறது. அதற்காகவே இந்தக் கடிதம்.

நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம். மூன்று வருடமாக வரைகிறேன். உச்சியில் கதவைத் திறந்தால் விண்வெளி. திங்கட்கிழமை கட்டட வடிவமைப்புப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒரே விதி: அடித்தளத்துக்குள் வரும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட வேண்டும். அதனால்தான் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெற்று மைதானத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பிறகு லிஃப்ட் வந்தது. கம்பி நீண்டுகொண்டே போனால் தன் எடையாலேயே அறுந்துவிடும் என்பதால் வழியில் இருநூறு முறை லிஃப்ட் மாற வேண்டும், மாறுகிறவர்கள் களைத்துப்போவார்கள் என்று நாற்காலி போட்டேன், நாற்காலியில் தூங்கினால் கழுத்து வலிக்கும் என்று கட்டில், கட்டில் என்றால் குளியலறை, குளியலறை என்றால் தண்ணீர்த் தொட்டி, மேலே தொட்டி வைத்தால் கீழே அத்தனை சுவரும் தடிக்க வேண்டும், தடித்த சுவரைத் தாங்க அதற்குக் கீழே இன்னும் தடித்த சுவர், இப்படியே அடித்தளம் மைதானத்தைத் தாண்டி, உங்கள் வேலியைத் தாண்டி, நேற்று மாலை சமையலறைக்குள் நுழைந்துவிட்டது.

சித்தியிடம் ஃபோனில் சொன்னேன்.

"ஊர்ல வேற இடமே இல்லையாடி? உன் கோபுரம் வந்து என் அடுப்பு மேலதான் உக்காரணுமா?"

"பாதி அடுப்புதான் சித்தி."

"வை ஃபோனை."

எங்கள் தலைமைப் பொறியாளர், "எண்பது கிலோமீட்டரோட நிறுத்திக்கயேம்மா. மேல ஏறி யாரு அளக்கப் போறாங்க?" என்றார்.

நான் அளப்பேன். விண்வெளி நூறில்தான் தொடங்குகிறது. எண்பதில் நின்றால் அது வெறும் உயரமான கட்டடம்.

கணக்கை ஏழு முறை சரிபார்த்துவிட்டேன். இனி ஓர் அங்குலமும் நகராது. ஒரு வீடு. ஒரு கையெழுத்து. படிவம் உள்ளே இருக்கிறது. சித்தி கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போடவும்.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். சித்தியின் கோபமும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தலைமைப் பொறியாளர் வரைபடத்தை எட்டிப் பார்த்து, "காத்தடிச்சா என்னாகும்மா?" என்றார். காற்று. மூன்று வருடமாக அது நினைவுக்கே வரவில்லை. கணக்கில் சேர்த்துப் பார்த்தேன். உங்கள் தெரு, மார்க்கெட், எங்கள் அலுவலகம், தலைமைப் பொறியாளரின் வீடு, என் வாடகை அறை, எல்லாம் அடித்தளத்துக்குள் வந்துவிட்டன. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். உங்கள் ஒரு கையெழுத்து எந்த மூலைக்கும் போதாது. ஊர் முழுவதற்கும் படிவம் அச்சடித்துவிட்டேன். தலைமைப் பொறியாளர் தன் படிவத்தைத் தொடவே மறுக்கிறார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.