ஓர் இல்லம், ஒரு பெட்டி

காஞ்சிபுரத்தில் ஒரு பொருள் தன் இஷ்டத்துக்குப் பழையதாகிவிட முடியாது. அது பழையதாகிவிட்டது என்று எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்தின் செயலாளர் திருவாளர் ஆதிகேசவன் அவர்கள் திருவாய் மலர்ந்தருள வேண்டும். புவனேஸ்வரி வீட்டு பேக்-அப் பெட்டிக்கு அந்தப் பாக்கியம் போன ஆடி மாதம் கிடைத்தது.

புவனேஸ்வரி சங்கத்துக்குப் புடவை டிசைன் போடுகிறவள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் வரைவதெல்லாம் வைஃபை வழியாகப் போய், அலமாரி மேலிருந்த அந்தப் பெட்டிக்குள் சேரும். பெட்டி சங்கத்தின் சொத்து. டிசைன் அதைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது என்பது சங்கத்தின் கட்டளை. கட்டளைக்குக் காரணம் தினகரன். விசைத்தறி வைத்திருக்கும் அந்த மனிதர், எங்கள் டிசைன்களைத் திருடி பாலியஸ்டரில் அடித்து விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு அவர்மேல் புகார் கொடுத்தோம். புகாரை டைப் அடித்தவள் புவனேஸ்வரி. திருட்டை நிரூபிக்கவென்றே அவள் தன் அன்னப்பட்சிகளுக்கு வாலில் ஓர் இறகைக் குறைத்து வரைந்தாள். தினகரனின் அன்னங்களுக்கும் அதே இறகு இல்லை. புகார் விசாரணைக்குப் போனது. போனது போனதுதான்.

ஒருநாள் பெட்டி கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. புவனேஸ்வரி புதுப் பெட்டி கேட்டாள். ஆதிகேசவன் பரிவாரத்தோடு நேரில் எழுந்தருளி, பழைய பெட்டியின் வயர்களைப் பிடுங்கி, துளைகளுக்கெல்லாம் அரக்கு முத்திரை வைத்தார்.

“சார், புதுசு வரட்டும். ரெண்டையும் ஒரே ஒரு நாள் பக்கத்துல வெச்சா போதும். இதுல இருக்கறத அதுல ஏத்திட்டு, அப்புறம் இத்த எடுத்துக்கினு போங்க” என்றாள் புவனேஸ்வரி.

“ஒரு நாளா? அந்த ஒரு நாளும் உங்க வீட்ல ரெண்டு பெட்டி இருக்குமேம்மா!”

“இருந்தா இன்னா சார்?”

“ஓர் இல்லம், ஒரு பெட்டி. ஆடிட்ல கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்? பழசை உடைச்ச போட்டோ மேலிடத்துக்குப் போனாதான் புதுசுக்கு உத்தரவே வரும்.”

“அப்போ ஒரு பென்டிரைவ்லயாவது…”

“அது தகவல் கசிவும்மா.”

ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் குவிந்திருந்தது. டிசைன் இல்லையென்றால் எங்கள் தறிகள் ஓடாது. புவனேஸ்வரியின் கணவர் பஞ்சாட்சரம் தறியிலிருந்து எழுந்து வந்தார்.

“சார், தறியில பாவு நூல் தீர்ந்தா நாங்க இன்னா பண்றோம்? புதுப் பாவை பழசோட இழை இழையா பிணைச்ச அப்புறந்தான் பழசை விடுவோம். பழசை அறுத்து எறிஞ்சிட்டா புதுசை எதுல சார் பிணைக்கறது?”

ஆதிகேசவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பிரமாதம் பஞ்சாட்சரம்! நானும் தறிக்காரன் புள்ளதான். புதுப் பெட்டி திறப்பு விழாவுல இதையே பேசிடறேன்” என்று சொல்லி, பியூனுக்குக் கண்ணைக் காட்டினார்.

இத்தனை காலம் உழைத்த பெட்டியல்லவா? சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அதற்குப் பிறகுதான் சுத்தியலால் அடித்தார்கள். போட்டோவில் ஆதிகேசவனின் தலை தெரியவில்லை என்பதால் இன்னொரு முறையும் அடித்தார்கள். புவனேஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள். போட்டோவில் நானும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

புதுப் பெட்டி மேளதாளத்தோடு வந்தது. ஆதிகேசவன் பாவு பிணைக்கும் தத்துவத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பிறகு பெட்டியைக் கம்ப்யூட்டரில் திறந்து திரையைக் காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை.

“பார்த்தீங்களா, எவ்ளோ இடம்!” என்றார். கைதட்டினோம்.

மறுநாள் தறிகள் நின்றன. கல்யாண வீட்டுக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். மூன்றாம் நாள் புவனேஸ்வரி தலையை வாரிக்கொண்டு, பஞ்சாட்சரத்தையும் என்னையும் கூட்டிக்கொண்டு நேராகத் தினகரன் வீட்டுக்குப் போனாள்.

“வாங்கக்கா, உக்காருங்க. மோர் சாப்பிடறீங்களா?” என்றார் திருடர்.

“என் டிசைன் உன்கிட்ட எத்தினி இருக்குதுபா?”

“எல்லாமே இருக்குதுக்கா. பார்டர் தனியா, முந்தி தனியா, வருஷ வாரியா. மூணு எடத்துல வெச்சிருக்கேன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கணும் இல்ல?”

பஞ்சாட்சரம் மெல்லக் கேட்டார்: “எப்படிப்பா எடுத்த?”

“முன்னாடியெல்லாம் புடவைய வாங்கியாந்து, பார்த்துப் பார்த்துதான் போட்டுக்கினு இருந்தேன். கண்ணே போச்சுண்ணா. அப்புறம் உங்க புகாருக்கு விசாரணைன்னு சங்கத்துக்குக் கூப்ட்டாங்களா? அங்க போர்டுல பெட்டியோட பாஸ்வேர்டு எழுதியிருந்துச்சு. யாரும் மறந்துடக் கூடாதுன்னு செயலாளர் உத்தரவாம். அன்னியிலேர்ந்து வாரா வாரம் ஞாயித்துக்கெழம, வூட்லேர்ந்தே நெட்டுல எடுத்துக்கினு இருக்கேன்.”

திரையில் அன்னப்பட்சி வந்தது. புவனேஸ்வரி கிட்டே போய் வாலைப் பார்த்தாள். ஓர் இறகு குறைந்திருந்தது. “என்னுதுதான்” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்மேல நீங்க குடுத்த புகாரும் இதுல இருக்குதுக்கா. அதுவும் வேணுமா?”

எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். வாசல்வரை வந்த புவனேஸ்வரி திரும்பி நின்றாள். “இனிமேலும் வாரா வாரம் மறக்காம எடுத்துக்கோபா” என்றாள்.

“புதுப் பெட்டிக்குப் பாஸ்வேர்டு தெரியாதேக்கா.”

அடுத்த பொதுக்குழுவில் ஒரே ஒரு தீர்மானம்தான். தகவல் பாதுகாப்பை முன்னிட்டு, புதுப் பெட்டியின் பாஸ்வேர்டைத் தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். ஆதிகேசவன் முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன். ஏகமனதாக நிறைவேறியது.

போன ஞாயிற்றுக்கிழமை தினகரன் திருட மறந்துவிட்டார். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு, அவர்மேல் புகார் கொடுத்திருக்கிறோம்.