பனிமலையில் பிடித்த சுளுக்கு

எனக்குக் கோபம் வந்தால் மூளைக்கு முன்னால் கால் வேலை செய்யும். பிறந்ததே அப்படித்தான், தலைக்கு முன்னால் கால் வெளியே வந்ததாம். கால்முன் பிறந்தவன் காலால் நீவிவிட்டால் சுளுக்குப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே நாமக்கல்லில் எங்கள் தெருவில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் என் வீட்டு வாசலில் வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். (மருத்துவம் படிக்காமலே நோயாளியை மிதிக்கும் பாக்கியம்.)

பிழைப்பும் காலை நம்பித்தான். நில அளவையர். பனமரத்துப்பட்டிப் பக்கத்துக் கரட்டுக் குன்றுகளில் இருபது வருடம் சங்கிலி இழுத்திருக்கிறேன். ஒரு நாள் கால் பிசகியதில்லை. அப்பேர்ப்பட்ட காலை அவமானப்படுத்த ஒரு வீடியோ கேம் வந்து சேர்ந்தது.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள் யாழினி அதை டிவியில் இணைத்து ஆடிக்கொண்டிருந்தாள். பனிமலையில் தன்னந்தனியாகப் பிழைத்திருக்க வேண்டும். ஒரே உயிர், செத்தால் முதலிலிருந்து. நான்கு மாதமாக ஆடி, கேம் கணக்கில் தொண்ணூற்றொன்பது நாள் உயிரோடு இருந்தாள். சரிவில் இறங்கிக் குடிசைக்குள் போய்ப் படுத்துவிட்டால் நூறு. அவள் தோழிகளில் ஒருத்தியும் தொடாத நூறு!

ஞாயிறு காலை, ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுக் குளிக்கக் கிளம்பினாள்.

“அப்பா, தொட்டுப்போடாதீங்க. சரிவுல நடந்தாச் சுளுக்கிக்கும்.”

“யாருகிட்டச் சாமி சொல்ற?”

குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்ததும் கன்ட்ரோலரை எடுத்தேன். தலை துவட்டி வருவதற்குள் குடிசையில் சேர்த்துவிட்டால் பிள்ளை எவ்வளவு சந்தோஷப்படும்!

நாலு எட்டுதான் வைத்தேன். கணுக்கால் சுளுக்கு என்றது திரை. கல் இல்லை, குழி இல்லை, ஆட்டுக்குட்டிகூட ஆடிக்கொண்டே இறங்குகிற சரிவு! பையில் கட்டுத்துணி இரண்டு இருந்தது. ஒன்றைக் கட்டினேன். இன்னும் ஆறு எட்டு. மணிக்கட்டு சுளுக்கு என்றது. எனக்கு மண்டைக்குள் விசில் அடித்தது. நடப்பது கால், சுளுக்குவது கையா? இதைச் செய்தவன் ஆயுளில் ஒரு நாளாவது மண்ணில் நடந்திருப்பானா? சித்திரை வெயிலில் ஒரு கரடு ஏறச் சொல்லுங்கள் அவனை!

எழுந்து நின்று கத்தினேன். சமையலறையிலிருந்து என் மனைவி மல்லிகா குரல் கொடுத்தாள்.

“ஏனுங்க, யாருகூடச் சண்டை?”

“நடக்கவே உடமாட்டீங்கறானுங்க!”

“யாருங்க?”

“தெரியல!”

இரண்டாவது துணியையும் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். குடிசை கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த கணுக்காலும் போயிற்று. துணி காலி. நொண்டிக்கொண்டு திரும்பினால், பின்னால் ஒரு ஓநாய்.

அந்த நேரத்தில் மனிதனுக்குப் பழக்கம்தான் கைகொடுக்கும். (எனக்குக் கால்கொடுத்தது.) சுளுக்கு என்றால் என் வலது கால் தானாக எழும்பும். எழும்பியது. திரையின் மூலையில் சிவப்பாக மின்னிய கணுக்கால் படத்தின்மேல் குதிகாலை வைத்து, மேலிருந்து கீழாக அழுத்தி நீவினேன். மூன்று தடவை நீவ வேண்டும் என்பது முறை. மூன்றாவதில் டிவி சுவரில் சாய்ந்தது, நான் தரையில் சாய்ந்தேன். ஓநாய்க்கு இதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

ஈரத் தலையோடு ஓடிவந்த யாழினி, சாய்ந்துகிடந்த டிவியைப் பார்த்தாள். ‘இறந்துவிட்டீர்கள். 99 நாட்கள்’ என்றிருந்தது. பிறகு, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்த என்னைப் பார்த்தாள். என் வாழ்க்கையின் முதல் நிஜச் சுளுக்கு.

“டிவியக் காலால நீவி உட்டீங்களா?”

“மூணு தடவை, கண்ணு.”

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. என் காலை நீவிவிடவும் ஆளில்லை. தெருவில் கால்முன் பிறந்தவன் நான் ஒருவன்தான். இப்போது இடுப்புப் பிடித்து வருகிறவர்கள்கூடப் படுப்பதற்கு முன் கேட்கிறார்கள்: “அண்ணா, ஓநாய் ஏதும் வருங்களா?”

கல்லில்லாத சரிவில் எப்படிச் சுளுக்கும் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யாழினி மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கி, அறுபதைத் தாண்டிவிட்டாள். விடுமுறையில் வந்தால், குளிக்கப் போகுமுன் தெருவில் யாருக்காவது பிடித்திருக்கிறதா என்று விசாரித்து, என்னை அவர் முதுகில் ஏற்றிவிட்டுத்தான் போகிறாள். போன ஞாயிறு ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மல்லிகா பாயை விரித்துத் தானே குப்புறப் படுத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. அவ தலை துவட்டற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இருங்க.”