ஒற்றை விசிலில் கிங்கை நிறுத்தினேன்

சேலையூர்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள மாப்பிள்ளை ஆஸ்டின் அவர்களுக்கு,

மாமனார் குப்புராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உங்கள் அத்தை ஜெயக்கொடி சௌக்கியம், பெங்களூரு ஃபிளாட்டில் நாய்க்கு அனுமதி இல்லை என்று நீங்கள் எங்களிடம் விட்டுப்போன லட்டுவும் முழுச் சௌக்கியம். ‘முழு’ என்பதை அடிக்கோடு போட்டிருக்கிறேன், கவனிக்கவும். உதயாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லவும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் “மாமா, ஒரு நிமிஷம்” என்று குறுக்கே வருவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

போன மாதம் லட்டுவின் காதில் நாலு தையல் விழுந்ததும் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. “உங்களால அதைக் காப்பாத்த முடியாது மாமா. அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்து பெரும்பாக்கத்துல நாய் ஹாஸ்டல்ல சேர்த்துடறேன்” என்றீர்கள். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, ஆடி வெள்ளிக்கூட்டத்தில் ஒரு குழந்தையைக்கூடத் தவறவிடாதவனைப் பார்த்து, ஒரு பொமரேனியனைக் காப்பாற்ற முடியாது என்றீர்கள். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. லட்டுவும் சாப்பிடவில்லை. எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

எதிரி யாரென்று உங்களுக்குத் தெரியும். என்னோடு பதினெட்டு வருஷம் ஒரே வண்டியில் டிரைவராக ஓடிய சிட்டிபாபு, ரிட்டயர் ஆனதும் அடுத்த தெருவில் வீடு கட்டி, கிங் என்று ஒரு முரட்டு ராட்வீலர் நாயை வளர்க்கிறான். சங்கிலி கிடையாது, கேட்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கேட்டால், “இன்னா குப்பு, பேஜார் பண்றே. அது ஒண்ணியும் பண்ணாது, சொம்மா வெளாடுது” என்பான். கிங் காதைக் கடித்து லட்டு கத்தினபோதும் இதையேதான் சொன்னான்.

முதலில் ஒரு மூங்கில் தடி வாங்கினேன். கிங் அதைப் பார்த்துப் பயந்ததோ இல்லையோ, லட்டு பயந்துவிட்டது. அடி தனக்குத்தான் என்று நினைத்துக் கேம்ப் ரோட்டு நடுவில் நாலு காலையும் தூக்கி மல்லாந்து படுத்துக்கொண்டது, நான் தடியும் கையுமாக நிற்கிறேன், பின்னால் பஸ்காரன் ஆரன் அடிக்கிறான், படியில் தொங்கின கண்டக்டர் பையன் “பெருசு, நாயை அடிக்காத, ஓரம் போ” என்கிறான், நான் போட்ட அதே காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு என்னையே சொல்கிறான். தடி அன்றோடு பரணுக்குப் போனது. அப்புறம் பிஸ்கெட். கிங் வந்தால் தூரமாக வீசிவிட்டு நாம் நடையைக் கட்டலாம் என்று யோசனை. கிங் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, தெருநாய்கள் ஆறு பார்த்தன. மறுநாள் காலையில் நம்ம வீட்டு கேட்டில் ஆறும் வரிசையாக உட்கார்ந்திருந்தன, எதிர்வீட்டு அஜீசா அக்கா “என்னண்ணா, மடம் ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கேட்டார்கள். சரி, நேரத்தை மாற்றுவோம் என்று மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிளம்பினால், தார் ரோட்டுச் சூட்டில் லட்டு ஒரு காலை வைத்து மூணு காலைத் தூக்குது. கடைசியில நான்தான் அதைத் தோள்ல தூக்கிக்கிட்டு வாக்கிங் போனேன். வழியெல்லாம் எல்லாரும் நாய்க்கு உடம்பு சரியில்லையான்னு விசாரிச்சாங்க, எனக்கு மூச்சு வாங்கினதை ஒருத்தரும் விசாரிக்கல.

இப்போ விஷயத்துக்கு வரேன், நிமிர்ந்து உக்காந்து படிங்க. போன சனிக்கிழமை காலை ஆறரை மணி. டிரான்ஸ்ஃபார்மர் முனையில திரும்பறேன், சிட்டிபாபு வீட்டு கேட் விரியத் திறந்து கிடக்கு, கிங் புறப்பட்டு வருது. லட்டு என் கால் நடுவுல பூந்து ரெண்டு சுத்து சுத்திடுச்சு, கயிறு என் முழங்காலைக் கட்டிப்போட்டுடுச்சு, ஓடவும் முடியல, திரும்பவும் முடியல. அப்பதான் சாவிக்கொத்துல தொங்கற என் பழைய விசில் கையில தட்டுப்பட்டுது. வாயில வெச்சேன், கண்ணை இறுக்க மூடினேன், உசிரைக் குடுத்து ஊதினேன். ஒரே விசில். நீளமா.

கண்ணைத் திறந்து பாக்கறேன் மாப்பிள்ளை, மூணடி தூரத்துல கிங் நாலு காலையும் ஊணி பிரேக் போட்டு நிக்குது! அதுக்குப் பின்னாடி லுங்கியோட ஓடி வந்த சிட்டிபாபுவும் நிக்கறான்! ஒரு விசில்னா நிக்கணும், ரெண்டு விசில்னா கிளம்பணும், இதுதானே எங்க சட்டம்? பதினெட்டு வருஷம் என் விசிலுக்கு நின்ன டிரைவர் வளத்த நாய் வேற எப்படி இருக்கும்? அவன் ரத்தத்துல இருக்கறது அவன் சோறு தின்ன நாய்க்கும் இறங்கியிருக்கு. நான் கயிறை அவிழ்த்துக்கிட்டு, கம்பீரமா ரெண்டு விசில் குடுத்து, லட்டுவோட கிளம்பினேன். அதுலேர்ந்து ஆறு நாளா இதே கதைதான். ஊதறேன், நிக்குது, போறேன். தெருவே வாயைப் பிளந்து பாக்குது. உங்க அத்தை அந்நேரத்துக்குப் பால் வாங்கப் போயிடறதால அவளுக்குத்தான் இந்தக் காட்சியைப் பாக்கக் குடுத்து வைக்கல.

ஆகையால் மாப்பிள்ளை, நாய் ஹாஸ்டலுக்கு வேலையில்லை. லட்டு இங்கேதான் இருக்கும். அது இல்லாவிட்டால் எனக்கு வீடு வீடாக இருக்காது, இதை ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் முருகனும் உங்கள் மாதாவும் சேர்ந்து உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மாமனார்,
குப்புராஜ்.

பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதறது. தபால்ல போடச் சொல்லி மாமா கவரை ஒட்டாமக் குடுத்தாரு, படிச்சிட்டேன். கிங்குக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா சுத்தமா கேக்கலைன்னு சிட்டிபாபு அண்ணன் சம்சாரமே சொன்னாங்க. அன்னிக்கு நான் பால் பையோட இவருக்குப் பின்னாடிதான் வந்துக்கிட்டிருந்தேன். நாய் பாஞ்சு வர்றதைப் பாத்ததும் உதயா வாங்கிக் குடுத்த பட்டன் குடையை இவர் இடுப்புக்குப் பக்கத்துல படக்குனு விரிச்சேன், அதைப் பாத்துதான் அது மிரண்டு நின்னுச்சு, இவர் கண்ணைத் திறக்கறதுக்குள்ள மடக்கிட்டுப் பின்னாடி நகந்துட்டேன். விசிலுக்கு நின்னது சிட்டிபாபு அண்ணன் மட்டும்தான். அவருக்கு வாயைத் திறக்கக் கூடாதுன்னு சாடை காட்டிட்டேன். ஆறு நாளா பால் வாங்கற சாக்குல இருபதடி பின்னாடியே குடையும் கையுமா நடக்கறேன், தூரத்துலேர்ந்து விரிச்சாலே கிங்கு நின்னுடுது. ஒரு தடவைகூட இவர் திரும்பிப் பாக்கல. இன்னிக்கு சிட்டிபாபு அண்ணனைக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட வெச்சிட்டேன், இனிமே கிங்கு தானா வெளியே வராது. ஆனா இதுல ஒண்ணையும் மாமாகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. ரிட்டயர் ஆனதுலேர்ந்து டிவி முன்னாடியே கிடந்த மனுஷன், இப்பதான் காலையில எனக்கு முன்னாடி எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கறாரு. நாளையிலேர்ந்து தினமும் ஆறரை மணிக்கு ஒரு நிமிஷம் தாழ்ப்பாளைத் திறந்து விடச் சொல்லியிருக்கேன்.