வேன் வாசலுக்கே வரும், சம்பந்தி

மேல்கணக்கு லயம்,
ஊசிமலைத் தோட்டம்,
டிக்கோயா.

பொகவந்தலாவை பஜாரில் புடவைக்கடை நடத்தும் பெருமதிப்புக்குரிய சம்பந்தி பரிமளம் அம்மா அவர்களுக்கு நாகலெட்சுமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் மகள் சுதர்ஷினியும் முருகன் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும், அண்ணனும், மாப்பிள்ளை சுதாகரனும், முக்கியமாக உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் பரிசமே போடவில்லை, அதற்குள் என்ன சம்பந்தி என்று நீங்கள் முகத்தைச் சுளிக்கலாம். கடிதத்தை முழுக்க வாசியுங்கள், பிறகு நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

போன ஐப்பசியில் நீங்கள் பெண் பார்க்க வந்த நாளை நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வேன்காரன் சந்தியிலேயே நிறுத்தி, இதற்கு மேல் ஏறாது என்று கையை விரித்துவிட்டான். அந்த மழையில் அரக்குப் பட்டுச்சேலையோடு ஏறி வந்த நீங்கள், இடிந்த சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் சேற்றில் முழங்கால் வரை இறங்கிவிட்டீர்கள். இழுத்துத் தூக்கினோம், கால் வந்தது, புதுச் செருப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் அழகையா மண்வெட்டியோடு இறங்கித் தேடினார், லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் தேடினார்கள், அகப்படவில்லை. பத்தாததற்குக் காலில் இரத்தம் குடிக்கிற அட்டை வேறு. நான் துணி துவைக்கிற சவுக்காரம் தேய்த்து அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்னீர்கள்: “பொண்ணு தங்கமா இருக்கா. ஆனா இந்த வாசலுக்கு வேன் வந்தாத்தான் நான் பரிசம் போட வருவேன்.” சொல்லிவிட்டு மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனீர்கள். அதை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்று மாப்பிள்ளை எங்கள் சுதர்ஷினியிடம் சொன்னாராம். நீங்கள் கேட்டது நியாயம்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. சுதர்ஷினி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஹட்டனில் மருந்துக்கடை வேலை முடிந்து வந்தால் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். பெற்றவள் எத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலில் தோட்ட ஒபிசுக்குப் போனேன். பாதை எங்களுடையது இல்லை, பிரதேச சபையுடையது என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. சபைக்குப் போனேன், எங்களுடையது இல்லை, தோட்டத்துடையது என்றார்கள். உலகத்தில் எல்லாரும் ஒரு முழ இடத்துக்கு எனக்கு உனக்கு என்று அடித்துக்கொள்வார்கள், இங்கே ஒரு முழுப் பாதையையே எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் தலைவர் மூலமாகப் போக வேண்டிய காரியம், பெண்பிள்ளை நீ இதில் தலையிடாதே என்றார் என் வீட்டுக்காரர். சங்கத் தலைவரிடமும் போனேன். தேர்தல் முடிந்ததும் பேசுகிறேன் என்றார். எந்தத் தேர்தல் என்று அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் சுதர்ஷினி போனில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அரசாங்க ஒபிஸ் எதுவானாலும் அங்கே உள்ள பதிவுகளின் பிரதியை யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது, அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்றாள். நானும் அவளும் சேர்ந்து எழுதினோம். சந்தியிலிருந்து மேல்கணக்கு லயம் வரைக்கும் உள்ள பாதை யாருடையது, அதைக் காட்டும் பதிவின் பிரதியைத் தரவும், அவ்வளவுதான். பணிவன்புடன் கெஞ்சிக் கேட்கிறேன் என்று ஒரு வரி சேர்க்கப் போனேன், அது தேவையில்லை அம்மா என்று அவள் அடித்துவிட்டாள். சபைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அன்றிரவு முழுக்க என் வீட்டுக்காரர் நம்மை லயத்தை விட்டு எழுப்பப் போகிறார்கள் என்று புலம்பிக்கொண்டே கிடந்தார்.

பதில் வந்தது, ஆனால் சிங்களத்தில் வந்தது. எங்களுக்குப் பேச வரும், வாசிக்க வராது. நேரே சபைக்கே கொண்டுபோய், அனுப்பிய தகவல் அலுவலரையே வாசிக்கச் சொன்னேன். திலக்ஷன் என்று நம் தமிழ்ப் பிள்ளைதான், தலைமுடியெல்லாம் நன்றாக வாரியிருந்தது. பாதை சபைக்குச் சொந்தமில்லை என்று இருக்கிறதாம். சரி தம்பி, சொந்தமில்லை என்று சொல்லும் பதிவின் பிரதியைத் தாருங்கள், அதையும் தமிழிலேயே தாருங்கள் என்றேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார், பிறகு மூடினார். அப்படி ஒன்றும் அவரிடம் இல்லை.

பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்து, தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்தவள் நான். கையில் எடுத்ததைத் தராத பிள்ளையிடம் பிடுங்கவும் கூடாது, கத்தவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்த முகமாகக் கையை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சபையிலும் அப்படியே செய்தேன். லீவு நாள் போக மற்ற நாட்களில் ஒரு போத்தல் தண்ணீரும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போய் வாசலில் கிடந்த நீள மரவாங்கில் உட்கார்ந்துவிடுவேன். வாசலால் போகிற ஒபிஸ்காரர்கள் எந்தச் சங்கம், எந்தக் கட்சி, யார் அனுப்பியது என்று மாறி மாறிக் கேட்டார்கள். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அதிகம் பயந்தார்கள். ஒரு தோட்டத்துப் பொம்பளை யாரும் அனுப்பாமல் இப்படித் துணிந்து வருவாளா, இவள் கொழும்பில் ஏதோ பெரிய ஆளுடைய சின்னம்மாவாக இருக்க வேண்டும் என்று உள்ளே பேச்சாம். முதலில் வாங்குக்குப் பதில் முதுகு சாய்கிற கதிரை வந்தது, பிறகு பால்தேத்தண்ணீர் வந்தது, அதற்குப் பிறகு பிஸ்கட்டும் வந்தது. பதிவு மட்டும் வரவில்லை.

மேலதிகாரிக்கு மேன்முறையீடு எழுதினோம். அவர் நல்ல மனிதர், பழைய பதிவுகள் உள்ள அறையைத் திறந்து தேடுங்கள் என்று உத்தரவு போட்டார். அறைக்குச் சாவி இல்லை, பென்சன் போன ஒருவரோடு அது கண்டிக்குப் போய்விட்டதாம். பூட்டை உடைத்தார்கள். உள்ளே தூசி பிடித்துத் திலக்ஷன் தம்பிக்கு ஒரே தும்மல், நான்தான் சேலைத் தலைப்பால் ஒவ்வொரு கட்டாகத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். பழைய வாக்குப் பெட்டிகளுக்குப் பின்னால் பாதைப் பதிவேடு கிடந்தது. தம்பி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார், ஓரிடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து, பிள்ளை பிறந்த சேதியைச் சொல்வதுபோலச் சொன்னார்: “அம்மா, பாதை எங்களோடதுதான்.” எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தம்பியும் கண்ணைத் துடைத்தார், தூசி என்றார்.

ஜெயித்துவிட்டோம் சம்பந்தி. முத்திரை குத்திய பிரதியும் கிடைத்தது, பாதையைச் செய்து தருவோம் என்று சபையின் கடிதமும் கிடைத்தது. இரண்டையும் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். கீழ்லயத்திலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் நாங்கள் எழுதிக் கேட்டோம், நாங்கள் விடவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். தலைவர்கூட வந்து, எனக்கும் தகவல் கேட்கிற படிவம் ஒன்று எடுத்துத் தாருங்கள் என்று கேட்டார். பக்கத்துக் காம்பரா மீனம்மா, சம்பள நாளில் அவளுடைய புருஷன் எங்கே போகிறான் என்று இந்தச் சட்டத்தில் கேட்கலாமா என்றாள். அந்தத் தகவல் சபையிடம் இருக்காது என்று சொல்லி அனுப்பினேன். சுதர்ஷினி நேற்று இரண்டாவது தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

ஆகையால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் தட்டோடும் சொந்தபந்தங்களோடும் நீங்கள் வர வேண்டும். வேன் எங்கள் வாசலுக்கே வரும். உங்கள் கால் நேரே எங்கள் கோலத்தில்தான் படும், பட்டுச்சேலையில் ஒரு பொட்டுச் சேறு படாது, அதற்கு நான் பொறுப்பு. அண்ணனுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் கேட்டதை முடித்துக் காட்டிய உங்கள் சம்பந்தி
நாகலெட்சுமி

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரம் கீழே பெரிய சத்தம் கேட்டது. சபையின் பெக்கோ இயந்திரம் மண் தோண்ட வந்திருக்கிறது. பாதை தங்களுடையது என்று தெரிந்ததும் சபைக்குப் பாசம் பொங்கிவிட்டது போலும், இரண்டே நாளில் சந்தியிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் முழுவதையும் தோண்டிப் போட்டுவிட்டார்கள். இப்போது வேன் என்ன, ஆடுகூட ஏறாது. வேலை எப்போது முடியும் என்று அங்கே நின்ற அதிகாரியிடம் கேட்டேன். “அதுக்கு நீங்க ஒரு விண்ணப்பம் போடுங்கம்மா,” என்றார். போட்டுவிட்டேன், ஆனால் ஆவணிக்கு முன் பதில் வராது. எனவே மேலே வேன் என்று எழுதிய இடத்திலெல்லாம் தயவுசெய்து நடை என்று வாசித்துக்கொள்ளுங்கள். சந்தியில் நானே சவுக்காரக் கட்டியோடு காத்து நிற்பேன். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சின்னப் பாலத்தடியில் பெக்கோ அள்ளிய முதல் மண்ணிலேயே உங்கள் இடது கால் செருப்பு வந்தது. கழுவிக் காயவைத்திருக்கிறேன், வார்கூட அறவில்லை. வரும்போது மற்றதை மறக்காமல் எடுத்து வாருங்கள்.