வாய்ப்பூட்டுத் தீர்மானம்

திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, நிந்தவூரில் மனைவி ஸுஹைறாவின் சீதன வீட்டு விறாந்தையில் நின்றுகொண்டு முத்தலிப் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்.

"நாளைக் காலை கல்முனைக் கிளினிக்கில், முன்பின் தெரியாத ஆட்களோடு ஸுஹைறா கதைப்பது முற்றாகத் தடை செய்யப்படுகிறது!"

முன்மொழிந்தவர் முத்தலிப். வழிமொழிந்தவர் முத்தலிப். எதிர்த்து வாக்களிக்கக்கூடிய ஒரே ஆள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச, கேட்டிச்சா?"

"கேட்டிச்சி. வாயத் திறக்கக் கூடாது, அவ்வளவுதானே? டொக்டர் ஏதும் கேட்டா?"

"நான் சொல்றன். உன்ட பிரஷர் எனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன. ஏத்துறதே நீங்கதானே."

அவள் எதிர்க்கவில்லை. முத்தலிப் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கோபத்தில் இருப்பவனுக்குச் சந்தேகப்பட நேரமேது?

அவருடைய கோபம் சும்மா வந்ததல்ல. ஊர்ச் சந்தியில் பஸ் தரிப்பிடம் கட்டுகிறோம் என்று இரண்டு கொங்கிரீட் தூண்களை நட்டுவிட்டுப் போனார்கள். கூரை வரவில்லை. ஒன்பது வருடமாக அந்தத் தூண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. தூணின் நிழலில் ஒரு ஆள் நிற்கலாம், பக்கவாட்டாக நின்றால். பிள்ளைத்தாய்ச்சி நின்றால் வயிறு வெயிலில். முத்தலிப் போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லாக் கந்தோரிலும் ஒரே பதில்: "பரிசீலிக்கிறம்." பரிசீலிக்கிற ஐயாமாருக்குத் தலைக்கு மேல் கூரையும் இருந்தது, கூரைக்குக் கீழ் காற்றாடியும் இருந்தது.

அவர் நாற்பது வருடப் போராட்டக்காரர். மைக் தர மறுத்த காலத்தில் துண்டுப் பிரசுரம் அடித்தே ஊரை எழுப்பியவர். வாயைக் கட்டினால் காகிதம் பேசும் என்று எழுதி, இரண்டு நாள் பொலிஸ் கூண்டில் இருந்தவர். இப்போது நிந்தவூரில் அவருடைய பிரசுரத்தில் சுற்றாத வடை கிடையாது. வடையைத் தின்கிறான். பிரசுரத்தில் கையைத் துடைக்கிறான். வாசிக்கிறானில்லை!

கடைசியாக ஒரு அதிகாரி மனமிரங்கினார். "வியாழக்கிழமைக்குள்ள நூறு கையெழுத்தோட மகஜர் கொண்டு வாங்க. கூட்டத்தில வைக்கிறன்." முத்தலிப்பிடம் இருந்தது பதினேழு. அதில் ஐந்து பேர் குடும்பம். ஒருவர் கட்டார் நாட்டில்.

போன மாதக் கிளினிக்கில் நூறு பேரையும் பிடித்திருக்கலாம். அவர் எழுந்து, "சகோதரர்களே! கடந்த ஒன்பது ஆண்டுகளாக..." என்று தொடங்கிய அதே கணத்தில், பின்னால் ஸுஹைறா வாங்கில் பக்கத்தில் குந்தியிருந்த அறிமுகமில்லாத பெண்ணிடம் கேட்டாள்:

"கணவாய்க்கு மூணு இதயமாம். தெரியுமா உங்களுக்கு?"

"மெய்யாவா அக்கா? மூணா?" என்றாள் அந்தப் பெண். கல்முனைக்காரி, பெயர் செசிலி.

"மூணு. ரெத்தமும் நீலமாம்."

"அப்ப கணவாய் கிளினிக்குக்கு வந்தா மூணு நம்பரெல்லோ எடுக்க வேணும்!"

வாங்கு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒருத்தி, தன் மாமியாருக்கு ஒரு இதயமே இல்லை என்றாள். இன்னொருத்தி பலாக்கொட்டையில் செய்த புட்டைப் பற்றிச் சொன்னாள். ஸுஹைறா பதிலுக்கு, காகம் மனிதர் முகத்தை மறக்காது என்று ஒரு கதையைத் தொடங்கினாள். பாதியில் அவளுடைய நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒன்பது ஆண்டு அநீதியைக் கேட்க மிஞ்சியது ஒரு கிழவர். அவருக்கும் காது கேட்காது.

ஆகவேதான் தடை.

செவ்வாய்க்கிழமை காலை. கிளினிக் வாங்கில் வழமைபோல எல்லாரும் தங்கள் கொப்பிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். வரிசையில் கொப்பி நிற்கும், ஆட்கள் கதைத்துத் திரிவார்கள். முத்தலிப் தொண்டையைச் செருமினார்.

"சகோதரர்களே! கடந்த ஒன்பது ஆண்டுகளாக..."

சகோதரர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் கைபேசியில் வேலை வந்தது.

செசிலி ஓடி வந்தாள். "அக்கா! காகத்தின்ட மிச்சம் எங்க? ஒரு மாசமாக் காத்துக்கொண்டிருக்கிறன்!"

ஸுஹைறா வாயைக் கையால் பொத்தி, கணவரைச் சுட்டினாள்.

"என்ன காக்கா," என்று அண்ணன் முறை வைத்து முத்தலிப்பிடம் கேட்டாள் செசிலி, "அக்காக்குத் தொண்டைக்க ஏதுமா?"

"ஒண்டுமில்ல. கதைக்க மாட்டா."

"ஏன்?"

"அது கட்டுப்பாடு!"

செசிலி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். முத்தலிப் மகஜரை ஏந்திக்கொண்டு ஆள் ஆளாகப் போனார். உரிமை பற்றிச் சொன்னார். வரிப்பணம் பற்றிச் சொன்னார். ஒருவர் கண்ணாடி கொண்டு வரவில்லை என்றார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டே. திரும்பிப் பார்த்தபோது ஸுஹைறா தன் கிளினிக் கொப்பியின் கடைசித் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். சாமான் பட்டியலாக இருக்கும். முத்தலிப்புக்குத் திருப்தி. ஒரு பெண்ணுக்கு ஒழுங்கு வர முப்பத்தாறு வருடம் எடுத்திருக்கிறது, பரவாயில்லை.

ஒரு மணித்தியாலத்தில் அவருக்குக் கிடைத்தது இரண்டு கையெழுத்து. அதில் ஒன்று காது கேட்காத கிழவருடையது.

அப்போது ஒரு தூதுக்குழு வந்தது. முன்னால் சைக்கிள் திருத்துகிற பத்திநாதர், பின்னால் செசிலி, அதற்குப் பின்னால் வாங்கு முழுவதும். பத்திநாதர் கையில் ஸுஹைறாவின் கொப்பி.

"முத்தலிப் காக்கா, மக்கள் ஒரு மகஜர் தந்திருக்கினம். வாசிக்கிறன்." அவர் வாசித்தார். "கௌரவ வீட்டுக்காரர் அவர்களுக்கு! காகக் கதை பாதியில் நிற்கிறது. சொல்ல வேண்டியவரின் வாய் எழுபது ரூபாய்ப் பூட்டால் அல்ல, உங்கள் உத்தரவால் பூட்டப்பட்டுள்ளது. உடன் திறந்து விடுக! இப்படிக்கு, கீழே ஒப்பமிட்டோர். எண்பத்தி மூணு பேர்."

எண்பத்து மூன்று! ஒரு வார்த்தை பேசாமல், ஒரே மணித்தியாலத்தில்! வாயைக் கட்டியவர் காகிதத்தை மறந்துவிட்டார். யார்? நாற்பது வருடம் சோற்றை மறந்து காகிதத்தோடேயே வாழ்ந்த முத்தலிப்!

கோபத்தில் வாய் தானாகத் திறந்தது.

"பரிசீலிக்கிறன்," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருடைய காதில் விழுந்தது. மண்டபத்தில் எழுந்த சிரிப்பில் மருந்து கொடுக்கிற ஜன்னலே திறந்து பார்த்தது.

"எத்தின வருசம் காக்கா பரிசீலிப்பீங்க?" என்றாள் செசிலி. "ஒம்பதா?"

பத்திநாதர் அமைதியாகச் சொன்னார். "தடை போற வரைக்கும் உங்கட தாளில ஒரு கையெழுத்தும் விழாது. அதுவும் மக்கள் முடிவுதான்."

முத்தலிப் பல்லைக் கடித்தார். "சரி! கதைக்கட்டும்! கதைச்சித் தொலையட்டும்!"

ஸுஹைறா வாயைத் திறக்கவில்லை. பேனையை நீட்டினாள். எழுத்தில் வேண்டுமாம்! அவர் 'தடை நீக்கப்பட்டது' என்று எழுதி, தாள் கிழியும்படி ஒப்பமிட்டார்.

ஸுஹைறா நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அல்லாஹ்வே, செத்துப் போகப் பாத்தன்! எங்க விட்டன்? ஓம், காகம். இவர் ஒரு காகத்துக்குக் கல்லெறிஞ்சவர். குஞ்சிருக்கிற நேரம். அண்டைய நாள்ல இருந்து இந்த மனிசன்ட முகம் அதுக்குப் பாடம். பிரசுரக் கட்டோட சந்திக்குப் போனாரெண்டா நேரே உச்சந்தலைல வந்து ஒரு கொத்து! தொப்பிய மாத்திப் பாத்தார். குடை புடிச்சிப் பாத்தார். என்ட முக்காட்டையும் போத்திட்டுப் போனார்."

"ஐயோ அக்கா!"

"முக்காட்டுக்குள்ளயும் கண்டு புடிச்சிட்டுது! அது எங்க குந்தியிருந்து பாக்கிது தெரியுமா? கூரையில்லாத பஸ் தரிப்பிடத் தூண்ல. கூரை போட்டா அது குந்த இடமில்ல. என்ட வாப்பாவே, இந்த மனிசன்ட மண்டையக் காப்பாத்த ஒரு கையெழுத்து வைங்களன்!"

வைத்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேனைக்குச் சண்டை பிடித்துக்கொண்டு வைத்தார்கள். பத்து நிமிடத்தில் நூற்றுப் பதினொன்று. உரிமைக்கு வராத கை, வரிப்பணத்துக்கு வராத கை, ஒரு காகத்துக்கு வந்தது! முத்தலிப் மகஜரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வென்ற கோபத்தில் பஸ் ஏறினார்.

ஸுஹைறா பெண்கள் பக்கம் இருந்து யாரோடோ சுறாமீனைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தாள். காரைதீவில் ஏறிய ஒரு வாலிபன் முத்தலிப்பின் பக்கத்தில் குந்தினான்.

"காக்கா, ஒரு புதினம் தெரியுமா? எங்கட மாமி இப்பதான் கிளினிக்கில இருந்து போன்ல சொன்னவ. நிந்தவூர்ல ஒருத்தராம். பொஞ்சாதி வாய் திறக்கக் கூடாதெண்டு சட்டம் போட்டவராம். இப்ப மனிசன நாப்பது காகம் துரத்துதாம்!"

நாற்பதா? ஒன்று! முத்தலிப் திருத்த வாயெடுத்தார். ஆனால் வந்தது வேறு.

"பிறகு?"

"முக்காட்டப் போட்டுக்கொண்டு ஓடினவராம்!"

"பிறகு?"

"ஆள் ஆரெண்டுதான் மாமிக்குத் தெரியல்ல. நீங்க நிந்தவூரெண்டா உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

நாற்பது வருடம் ஒவ்வொரு பிரசுரத்தின் அடியிலும் தன் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு வந்தவர், மகஜரை மடித்துச் சட்டைக்குள் செருகினார்.

"தெரியாது தம்பி," என்றார் முத்தலிப்.