ஸ்கெடாடிலுக்கு நான் கற்பித்த கோத்திரம்

பி.ஏ. தேறிய நாளிலிருந்து ஒருவனுக்கு 'தெரியாது' என்ற சொல் வாயில் வருவதில்லை. எனக்கு அது வராமல் போனதில் நிச்சயமாகவிருந்த கல்யாணமே நின்றது.

அந்நாளில் கரமனை அக்கிரகாரத்தில் படித்தவர்களை ஒரு வியாதி பிடித்திருந்தது. எந்த இங்கிலீஷ் வார்த்தையானாலும் அது சம்ஸ்கிருதத்திலிருந்து போனதுதான் என்று சாதித்துவிடுவோம். (ஆற்றில் குளிக்கும்போதுகூட இடுப்பளவு தண்ணீரில் நின்று சாதிப்போம்.)

அப்படிப்பட்ட நான், அடுத்த அக்கிரகாரமான வலியசாலைக்கு அப்பாவோடு பெண் பார்க்கப் போனேன். ஜாதகம் ஏற்கெனவே பொருந்தியிருந்தது. பெண்ணின் பெயர் விசாலம். வந்து நமஸ்கரித்தாள், ஒரே தடவை நிமிர்ந்து பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். இவள் கிடைக்காவிட்டால் சந்நியாசம்தான் என்று கையில் பஜ்ஜியோடு தீர்மானித்துவிட்டேன்.

அவள் அப்பா சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க். என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஒரு சம்சயம் கேட்டேளா. அஞ்சு மணி அடிச்சா நாங்கள்லாம் 'ஸ்கெடாடில்' பண்றோம்னு எங்க துரை நேத்திக்குச் சொன்னார். ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் மனசிலாகலை. வசவாக்குமா, ஸ்துதியாக்குமா?"

"அவசர அவசரமா ஓடிப்போறதுன்னு அர்த்தம், மாமா. பேச்சு வழக்கு. நாவல்ல படிச்சிருக்கேன்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"பேஷ்! அது எங்கேர்ந்து வந்த வார்த்தை?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். 'ஸ்கந்த்' என்று சம்ஸ்கிருதத்தில் ஒரு தாது, அதாவது வேர்ச்சொல், அதற்குக் குதிப்பது என்று பொருள், குதித்தவன் ஓடத்தானே வேண்டும் என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லைப் பாரசீகத்துக்கு நடத்திப் போய், கிரேக்கத்தில் இளைப்பாற வைத்து, இங்கிலாந்தில் கரையேற்றினேன். மாமா கண் கலங்கிவிட்டார். என் அப்பா, பெற்ற பிள்ளையை முதல் தடவையாகப் பெருமையோடு பார்த்தார்.

இரண்டு நாள் கழித்துக் கல்யாணத் தரகர் வந்தார். "ஜாதகம் பொருந்தலையாம்" என்றார். (அதே ஜாதகம், அதே கிரகங்கள்.)

அப்பா அவரை விடவில்லை. கடைசியில் விஷயம் வெளியே வந்தது. மாமா என் பிரசங்கத்தை ஓர் எழுத்து விடாமல் துரையிடம் ஒப்பித்திருக்கிறார். துரை மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். அது அமெரிக்கர்கள் தங்களுக்குள் யுத்தம் செய்துகொண்டபோது சிப்பாய்கள் வாயில் அடிபட்ட வார்த்தை, அதன் பிறப்பு யாருக்கும் தெரியாது, கிரேக்கத்தில் கொண்டுபோய்க் கட்டப் பார்த்த பண்டிதர்களே தோற்றுப்போனார்கள் என்றாராம். ஆபீஸே வேடிக்கை பார்க்க, "யார் சொன்னது உமக்கு?" என்று கேட்டாராம். "மாப்பிள்ளையாகப் போறவர்" என்று மாமா சொல்லவேண்டி வந்ததாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். விசாலம் போய்விட்டாளே என்ற துக்கம் தாங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளையாண்டான் தனியாகப் பெண் வீட்டுப் படி ஏறுவது எங்கள் தெருக்களில் கேள்விப்படாத காரியம். ஏறினேன். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் முளைத்தன.

மாமா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்தது? இப்போ சொல்லும்!"

"தெரியாது, மாமா."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் தெரியாது."

உள்ளேயிருந்து விசாலத்தின் குரல் வந்தது: "அப்பா, ஜாதகத்தை இன்னொருக்கா பார்க்கச் சொல்லுங்கோளேன்."

பார்த்தார்கள். கிரகங்கள் பெரிய மனசு பண்ணிப் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தன.

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. இன்றும் பேரப்பிள்ளைகள் ஏதாவது கேட்டு, நான் தொண்டையைக் கனைத்தால் போதும், அடுக்களையிலிருந்து விசாலம் கேட்பாள்:

"தெரிஞ்சு சொல்றேளா, இல்லே சம்ஸ்கிருதமாக்குமா?"