கிட்டாரின் கையில் அரை ராத்தல் கல்

உ

கீழ்ப்பிரிவு,
கொஸ்லந்த.
9.8.1976

கொழும்பில் பெரிய ஓட்டலில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் அன்பு மச்சான் பொன்னையா அவர்களுக்கு, தங்கச்சி புருஷன் முருகையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி பாக்கியமும் மழையைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் வெயிலைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. கிட்டார் மட்டும் சுகமாக இல்லை.

நீங்கள் அனுப்பிய மெல்லிய கம்பிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. "வீரய்யாவே போடட்டும், நீங்க கை வைக்காதீங்க" என்று கூடவே எழுதியிருந்ததையும் வாசித்துவிட்டுத்தான் கை வைத்தேன். காரணம் உங்களுக்குத் தெரியும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது நம்ம பையன் வீரய்யாவுடைய இடது கை விரலில் கத்தி இறங்கியது, புண் ஆறிப்போச்சு, ஆனால் பழைய தடித்த கம்பியை அமுக்கினால் தழும்பிலே மறுபடி கத்தி வைத்த மாதிரி இருக்குதாம். கிட்டாரைத் துணியில் சுற்றிப் பெட்டிமேல் போட்டவன் தொடவே இல்லை. அவர்களுடைய இசைக்குழுவை நடத்துகிற பண்டாரவளை புவாத் தம்பி வீடு தேடி வந்து, "கல்யாண வீட்ல ஒத்துக்கிட்டேன்டா மச்சான், நீ வராட்டி வேற ஆளப் பாக்கணும்" என்று சொல்ல, இவன் "பாத்துக்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான். புவாத் தம்பி நல்ல பிள்ளை, வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து கடைசியாகக் கேட்கிறேன் என்று போய்விட்டது. பிறகு இவன் என்னிடம், "அப்பா, இத யாருக்காவது வித்துருங்க" என்று சொல்லிவிட்டு மொனராகலைக்குக் கரும்பு வேலை கேட்டுப் போயிட்டான். நான் விற்கிறேன் என்று தலையாட்டிவிட்டு மெல்லிய கம்பி கேட்டு உங்களுக்குக் கடிதம் எழுதினேன். அவன் வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது மெல்லிய கம்பியோடு கிட்டார் தயாராக இருந்தால், ஒரு தடவையாவது எடுத்துப் பார்ப்பான் அல்லவா? அதுதான் என் யோசனை. லாம்புக்குத் திரி மாற்றுகிற வேலைதானே என்று நினைத்தேன்.

மச்சான், அந்தக் கிட்டாரில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புத் தகடு ஒன்று இருக்கிறதே, பலகையில் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்குமே, அதிலிருந்து ஒரு கம்பித்தடி கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அதை அமுக்கினால் பாட்டு வளைந்து அழுமே, அந்தத் தகடுதான் என் குடியைக் கெடுத்தது. பழைய கம்பி ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினேன். உள்ளே எங்கேயோ டொக் என்றது. தகடு பின்பக்கம் சாய்ந்து பலகைக்குள் உட்கார்ந்துகொண்டது. சரி, புதுக் கம்பி போட்டால் எழும்பும் என்று போட்டேன். எழும்பவில்லை. கம்பியெல்லாம் கழுத்துப் பலகையில் படுத்துக்கொண்டு, தட்டினால் போத்தலுக்குள் அடைத்த குளவி மாதிரி இரைகிறது. வீரய்யாவின் சுருதிக் குழலை ஊதி முதல் கம்பியை முறுக்கிச் சரிபண்ணினேன். மார்கழி பஜனையில் ஜால்ரா போட்ட காது, அவ்வளவு மோசமில்லை. ரெண்டாவதச் சரிபண்ணினா முதலாவது இறங்கிப்போச்சு. மூணாவதத் தூக்கினா ரெண்டும் இறங்கிப்போச்சு. லயத்து வீட்டுப் பிள்ளைகளப் படம் பிடிக்க வரிசையா நிறுத்துற மாதிரி, ஒண்ண இழுத்து வச்சா ஒண்ணு ஓடுது. உங்க தங்கச்சி அடுப்படியிலிருந்து, "கத்திக்குத் தப்புனத நீங்க கொன்னுட்டீங்க" என்கிறாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. நான் யார்? கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு பிடிக்கிறவன். கம்பி லேசாகிப்போனால் அந்தப் பக்கம் எடை குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? எடை குறைந்தால் கல் வைக்க வேண்டியதுதானே? கிட்டாரை மல்லாக்கப் படுக்க வைத்து, மடுவத்து அரை ராத்தல் கல்லைக் கொண்டுவந்து அந்தக் கையின்மேல் வைத்தேன். மச்சான், நீங்க நம்பமாட்டீங்க, தகடு மெல்ல எழும்பிச்சு. கம்பியும் எழும்பிச்சு. ஆறும் சுருதிக்கு நின்னுச்சு. நான் ஒரு நிமிஷம் எஞ்சினியர் ஆனேன். பிறகு கிட்டாரைத் தூக்கினேன், கல் என் காலில் விழுந்தது. கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தேன், நின்றால் கல் ஆடுகிறது, பாட்டும் கூடவே ஆடுகிறது. பாக்கியம் சொல்கிறாள், "ஒங்க தராசு எப்பத்தான் கை வைக்காம நின்னிருக்கு?"

இதற்கிடையில் மடுவத்தில் கல்லைக் காணோம் என்று பேச்சு. பறித்த கொழுந்தின் எடையில் கூடைக்குக் கழிவு, மழை ஈரத்துக்குக் கழிவு என்று தோட்டத்து நிர்வாகத்தின் பக்கமே சாய்கிறவன் என்று எனக்கு ஏற்கனவே நல்ல பெயர். கொழுந்து பறிக்கிற பெரியாயி எல்லாருக்கும் முன்னால், "அரை ராத்தல் கல்லு எங்கங்கய்யா?" என்று கேட்டாள். "காணோம்மா" என்றேன். "அப்ப அந்த அரை ராத்தல எங்க கணக்குலயே போட்டுருங்க. தெனமும் காணாமப் போறது எங்க பக்கத்துலதானுங்களே."

ஆகையால் மச்சான், இரண்டு விஷயம். ஒன்று, கொழும்பில் கிட்டாரை மல்லாக்கப் போட்டு வாசிக்கிறவர்கள் யாரும் உண்டா என்று விசாரிக்கவும். இல்லையென்றால், இது தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அப்புத்தளை ஸ்டேசனில் வந்து இறங்கவும். குடையோடு நிற்பேன். வீரய்யாவிடம், நீங்கதான் துடைக்க எடுத்தீங்கன்னு சொல்லிக்குவோம். கெட்டுப்போன கிட்டாரை அவன் பார்த்தால் விற்கிற பேச்சுக்கூட இருக்காது. அடுப்புக்குத்தான் போகும், அவன் மனசும் அதோடு.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் மழை வெயில் படாமல் வளர்ந்து, என்னை மாதிரி இல்லாமல் சொன்ன பேச்சுக் கேட்கிறவர்களாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கை வைத்த மச்சான்,
முருகையா

பின்குறிப்பு: மழையில் தபாலுக்குப் போகவில்லை. அதற்குள் வீரய்யா வந்துவிட்டான். கரும்பு வெட்டவும் அந்த விரல் வேணுமாம். வந்தவன் கிட்டாரைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்னப்பா இது?" "மாமா மெல்லிசுக் கம்பி அனுப்புனாருப்பா. எடை பத்தல, அதான்." அப்படியே தரையில் உட்கார்ந்துட்டான். அழுகிறான் என்று நினைத்தேன். சிரிக்கிறான் மச்சான், கத்தி பட்ட நாளிலிருந்து இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. கிட்டாரைக் குப்புறப் போட்டு முதுகில் இருந்த மூடியைக் கழற்றினான். உள்ளே சுருள் கம்பிகள் விறைத்துக்கொண்டு இழுக்கின்றன. நான் கிட்டாரின் முதுகைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. "முன்னால கம்பி இழுக்குது, பின்னால இது இழுக்குது. முன்னால லேசாக்குனா பின்னாலயும் தளத்தணும்பா, கல்லு வேணாம்" என்று திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான், கம்பிகளைச் சுருதி சேர்த்தான். தகடு தானாக அந்தரத்தில் நின்றது. பிறகு தழும்பு விரலை வைத்து அமுக்கினான். நாங்கள் இரண்டு பேரும் கிட்டாரைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தோம். முகம் சுளிக்கவில்லை. "பரவால்லப்பா" என்றான். அது கரண்டில் பாடுகிற கிட்டார், வீட்டில் கரண்ட் இல்லாததால் அவன் வாசித்தது குசுகுசுவென்றுதான் கேட்டது. சோறு ஆறுகிற வரைக்கும் கேட்டோம்.

ஆகவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. ஆள் வேண்டாம், நீங்களும் வர வேண்டாம். கல்யாணத்துக்கு வேண்டுமானால் வாங்க, புவாத் தம்பிக்கும் வேறு ஆள் தேவையில்லை. கல்லை மட்டும் வீரய்யா என் கையில் கொடுத்து, "இத மடுவத்துக்குக் கொண்டுபோங்க, பெரியாயி அக்கா கொழுந்துப் பக்கம் வைங்க" என்றான். நாளைக் காலையில் தராசில் எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் தங்கச்சிக்கு அதில் சந்தேகமே இல்லையாம். என்னோடு மடுவத்துக்கு வருகிறாளாம்.